களஞ்சியத் திறப்பு

2006 செப்டெம்பர் 5, செவ்வாய்

இன்றைய பிழை: உப்பைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தேன்.

மாலை வகுப்பில் திருமதி லிண்ட்னர் சொல்லித் தந்த ஒழுங்கு இது. நாட்குறிப்பில் முதலில் பிழையை எழுத வேண்டும். பிறகு நடந்ததை. கடைசியில் நாளைய வேலையை. பிழையைப் பின்னுக்குத் தள்ளினால், எழுதி முடிவதற்குள் அதற்கு ஒரு சாட்டுக் கண்டுபிடித்துவிடுவோமாம். நான் தமிழில் எழுதுவதால் அவர் இதைத் திருத்தப் போவதில்லை. ஆனாலும் ஒழுங்கை மாற்றப் பயமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பு பெரிய வீடுகளை நிருவகிக்கக் கற்றுத் தருவது. முதியோர் இல்லம், மாணவர் விடுதி போன்ற இடங்களில் துணி, உணவு, துப்புரவு எல்லாவற்றையும் பொறுப்பெடுத்து நடத்தப் படிக்கிறோம். முடிவில் எழுத்துச் சோதனையோடு, ஒரு நாள் உண்மையாகவே ஒரு வீட்டை நடத்திக் காட்ட வேண்டும். இந்த முறை எங்களுக்குக் கிடைத்த வீடு எங்கள் வுப்பர்டால் நகரத்துக்கு வெளியே குன்றின் மேல் இருக்கும் ரேடன் மாளிகை. நடத்த வேண்டிய காலம் ஆயிரத்து எழுநூற்று எழுபதுகள். அதுவும் ஜெர்மன் முறையில் அல்ல, இங்கிலாந்துப் பிரபுக்கள் வீட்டு முறையில். அந்த நாட்களில் மாளிகைக்கு மருமகளாக வந்தவள் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் மகளாம். தன் தகப்பன் வீட்டில் எப்படி நடந்ததோ அப்படியே இங்கும் எல்லாவற்றையும் நடத்தினாளாம். மாளிகையை வரும் வசந்தத்தில் பார்வையாளருக்குத் திறக்கப் போகும் திருமதி ஃபொன் ரேடன், அந்த நடைமுறையை ஒரு தரம் கண்ணால் பார்க்க விரும்புகிறார்.

இன்று லிண்ட்னர் இன்னொன்றும் சொன்னார். மாளிகையின் உள்வீட்டு நிருவாகத்துக்கு ஒக்டோபரிலிருந்து ஒருவர் தேவை. நிரந்தர வேலை. எங்கள் வகுப்பிலிருந்துதான் எடுக்கப் போகிறார்கள். அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு ரேடன் அம்மையாரே தெரிவு செய்வார்.

நான் முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். செப்டெம்பர் முப்பதோடு என் ஒப்பந்தம் முடிகிறது. சலவையை வெளியாரிடம் கொடுக்கப் போகிறார்கள். அதனால் இந்த வேலை எனக்கு வேண்டும். எழுதிப் பார்க்கும்போதே வெட்கமாக இருக்கிறது. வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர் பலர்.

பாத்திரங்கள் பிரிக்கப்பட்டன. நிலத்தையும் குத்தகைக்காரரையும் பார்க்கும் பண்ணை மேலாளர் ஒருவர். வைன், கண்ணாடி, வெள்ளிச் சாமான், பரிமாறல் எல்லாவற்றுக்கும் தலைமைப் பரிசாரகர். துணி, தேயிலை, சீனி, பழப்பாகு, வேலைக்காரப் பெண்கள் எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரியதரிசி. அது எனக்கு விழுந்தது. அக்காலத்தில் சீனியும் தேயிலையும் பூட்டி வைக்கும் பொருட்கள். அவை இருக்கும் களஞ்சியத்தைப் பூட்டும் திறப்பு அவளுடைய இடுப்பில் தொங்கும். அங்கிருந்து வெளியே போகும் எதுவும் அவள் கையிலிருந்து வாங்குபவரின் கைக்கு நேராகப் போக வேண்டும். இடையில் எங்கும் வைக்கக் கூடாது. வைத்தால் யார் பொறுப்பு என்பது அறுந்துபோகும்.

ஒத்திகையில், சமையல்காரியாக நடிக்கும் திருமதி கோவால்ஸ்கி உப்புக் கேட்டார். அவர் ஒரு பள்ளிக்கூட உணவுச்சாலையில் சமைப்பவர், பெரிய குரல். அவர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே நான் உப்புக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். லிண்ட்னர் குறித்துக்கொண்டார். உப்பையும் கத்தரிக்கோலையும் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கொடுப்பதில்லை என்பதை ஜெர்மனில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

மேலே தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு ஓடும் எங்கள் ஊர்த் தொங்கு ரயிலில் வரும்போது யூட் அண்ணை சிரித்துக்கொண்டே வந்தார். அவர் பக்கத்து நகரமான எசனில் ஒரு ஹோட்டலில் பரிமாறுபவர். எங்கள் வகுப்பில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் தமிழர். அவருக்குத் தலைமைப் பரிசாரகர் பாத்திரம்.

“உப்பைக் கையிலை குடுத்தா அந்த மனுசியோடை சண்டை வருமெண்டு பயந்தனீர். குடுக்காததாலை வந்திட்டுது” என்றார்.

“சும்மா இருங்கோ யூட் அண்ணை.”

நாளை: வீட்டில் எதையும் கையில் கொடுத்துப் பழக வேண்டும். அம்மா பார்க்காத நேரத்தில் தொடங்குவது நல்லது.

செப்டெம்பர் 12, செவ்வாய்

பிழை: அப்பாவுக்குத் தொலைக்காட்சி ரிமோட்டைக் கையில் கொடுத்து, அவருடைய கண்ணை நேராகப் பார்த்தேன். எனக்கு என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

இன்று படித்தவை. குடித்து முடித்த தேயிலைச் சக்கையை ஈரத்தோடு கம்பளத்தில் தூவிக் கூட்டினால் தூசு எழும்பாது. எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகள் பரிசாரகருக்குச் சொந்தம், அவர் அவற்றை விற்கலாம். யூட் அண்ணை உடனே தன் ஹோட்டலில் இதைக் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். வீட்டுக்காரியதரிசி மணமாகாதவளாக இருந்தாலும் எல்லாரும் அவளை ‘மிஸிஸ்’ என்றுதான் அழைக்க வேண்டும். அது பதவிக்கான மரியாதை. இதை வீட்டில் சொன்னபோது அம்மா, “அப்ப செலவில்லாமல் ஒரு அலுவல் முடிஞ்சுது” என்றார்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது யூட் அண்ணை தானும் அந்த வேலைக்கு நிற்கிறேன் என்றார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றியாக இருந்தது. அவருக்குப் பரிமாறும் தொழிலில் பத்து வருடப் பழக்கம். ஒரு கையில் ஆறு கண்ணாடிகளை ஏந்திக்கொண்டு கதவைக் காலால் தள்ளித் திறப்பார். நான் ஒரு கண்ணாடியையே இரண்டு கையால் பிடிப்பவள்.

நாளை: மேசை விரிப்புகளின் அளவுகளைத் திரும்பச் சரிபார்ப்பது.

செப்டெம்பர் 21, வியாழன்

பிழை: மாளிகைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, மேடு ஏறி வியர்வையோடு போய் நின்றேன்.

ரேடன் அம்மையாரை முதல் தரம் கண்டேன். அறுபது வயது இருக்கும். தோட்டத்து ரப்பர் சப்பாத்தோடு வந்து கைகொடுத்தார். கதை குறைவு. நாங்கள் நடத்தப் போகும் நாள் செப்டெம்பர் இருபத்தொன்பது என்று முடிவாகியிருக்கிறது. அதிதூதர் மிக்கேல் திருநாள். எங்களுக்கு அது பூசைக்குப் போகும் நாள். அக்கால இங்கிலாந்தில் அது குத்தகைக் கணக்கு முடிக்கும் நாள். வேலைக்காரரை வைத்திருப்பதா அனுப்புவதா என்று பார்க்கும் நாளும் அதுவாம். குத்தகைக்காரர் எல்லாரும் மாளிகைக்கு வருவார்கள், எசமானி அவர்களுக்கு வாத்துப் பொரித்து விருந்து வைப்பாள். எங்கள் குத்தகைக்காரர்களாக வரப் போகிறவர்கள் எங்கள் வீட்டு ஆட்களே. அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா இப்போதே கோட்டை எடுத்து வெளியே தொங்கவிட்டிருக்கிறார்.

களஞ்சியத்தைப் பார்த்தேன். குசினிக்குப் பக்கத்தில், கல்லால் கட்டிய குளிரான சின்ன அறை. தடித்த ஓக் மரக்கதவு. அதற்கு ஒரே ஒரு திறப்பு. மாற்றுத் திறப்பு எப்போதோ தொலைந்துவிட்டதாம். அம்மையார் அதை ஒரு சிவப்பு நாடாவில் கட்டி என் கையில் தந்தார். நான் கையால்தான் வாங்கினேன். இதை எழுதக் காரணம், இரண்டு கிழமைப் பயிற்சியில் ஏதோ பயன் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள.

நாளை: பரிமாறும் ஒழுங்கை யூட் அண்ணையோடு தொலைபேசியில் ஒரு தரம் சொல்லிப் பார்ப்பது. முக்கியமாக ஒன்று. அக்கால இங்கிலாந்து முறையில், கடைசி இனிப்பு வருவதற்கு முன் மேசை விரிப்பை முழுதாக உருவி எடுத்துவிட்டு, வெறும் மரத்தின் மேல்தான் பரிமாறுவார்கள். முப்பது பேர் இருக்கும் மேசையில் அதைச் செய்ய ஒரு நுணுக்கம் வேண்டும்.

செப்டெம்பர் 30, சனி, காலை

பிழை: திறப்பை மேசையில் வைத்தேன்.

நேற்று எழுத முடியவில்லை. இன்று மத்தியானம் மாளிகைக்குத் துப்புரவு செய்யப் போக வேண்டும். பிறகு அம்மையார் என்னையும் யூட் அண்ணையையும் தனித்தனியாகச் சந்திக்கிறார். அதற்குமுன் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

காலை முழுவதும் எல்லாம் நன்றாகவே போயிற்று. அக்கால வழக்கப்படி விருந்து பின்னேரம் நான்கு மணிக்கு. மாவுக்குள் வைத்துச் சுட்ட அப்பிள் பைகள், வறுத்த கொட்டைகள், சீனி எல்லாவற்றையும் குளிருக்காகக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டியிருந்தேன். விருந்தினர் வரத் தொடங்கிய நேரம், இனிப்புக்கான சிறிய கண்ணாடிகளும் உள்ளே இருக்கின்றன, அவற்றை எடுக்கத் திறப்பு வேண்டும் என்று யூட் அண்ணை மண்டபத்தில் வைத்துக் கேட்டார். முறைப்படி நானே போய்த் திறந்து எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து கோவால்ஸ்கி, வாத்துக் கொழுப்பு அடுப்புக்குள் புகைகிறது என்று கூப்பிட்டார். யூட் அண்ணை ஒரு கையில் தட்டத்தோடு நின்றபடி மற்றக் கையை நீட்டினார். நான் அவருடைய கைக்குப் பக்கத்தில், மேசையில், திறப்பை வைத்துவிட்டு ஓடினேன்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ‘ஏன் கீழே வைக்கிறாய், கையில் தா’ என்று கேட்டிருப்பார். கோவால்ஸ்கி கேட்டிருப்பார். யூட் அண்ணைக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. அவருடைய வீட்டிலும் சில பொருட்களை அப்படித்தான் கொடுப்பார்கள். நீட்டிய கையைத் தானாகவே மடக்கிக்கொண்டார். அதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட, அவர்களை வரவேற்கப் போய்விட்டார்.

வாத்தை மேசைக்கு அனுப்பியபின் இனிப்பை எடுக்க நினைத்து இடுப்பைத் தடவினேன். திறப்பு இல்லை. தட்டங்களோடு குசினிக்கு வந்த யூட் அண்ணையைக் கேட்டேன்.

“உங்களிட்டையெல்லோ திறப்பு?”

“என்னட்டையோ? மேசையிலை வைச்சனீர். பிறகு நீரே எடுத்திருப்பீர் எண்டு நினைச்சன். கண்ணாடியை நான் ஹோலுக்குள்ளை இருந்த அலுமாரியிலை எடுத்தனான்.”

மண்டபத்தில் தட்டங்கள் வைக்கும் பக்க மேசை ஒன்று இருந்தது. அதில்தான் வைத்தேன் என்று எனக்கு நிச்சயம். அவருக்கும் நிச்சயம். பணிப்பெண்ணாக நடித்த பேத்ரா போய், விருந்தினருக்குத் தெரியாமல் அந்த மேசையை மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். இல்லை. நிலத்தில் இல்லை. குசினியில் இல்லை. குப்பைக் கூடையையும் கொட்டிப் பார்த்தோம். கதவை உடைக்கலாம் என்றார் கோவால்ஸ்கி. இருநூறு வருடக் கதவு. மூலையில் லிண்ட்னர் நின்றார். அவர் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. பேனையை மட்டும் மூடி மூடித் திறந்தார்.

இப்படித்தான் ஆகும் என்று மூன்று கிழமையாக எனக்குத் தெரியும் போல ஒரு நினைப்பு. வேலை போயிற்று. அதை முதலில் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டபின் ஏனோ தலை கொஞ்சம் தெளிந்தது. வேலை போகட்டும், மண்டபத்தில் முப்பது பேர் இனிப்புக்குக் காத்திருக்கிறார்கள். குசினியில் எது பூட்டாமல் இருக்கிறது என்று பார்த்தேன். காலையில் மிஞ்சிய பாண். முட்டை, பால், வெண்ணெய். வாத்துக்கு அவித்ததில் மீந்த அப்பிள். வீட்டுக்குச் சொல்லாமல் ஆட்கள் வந்தால் அம்மா பாணை முட்டையில் தோய்த்துப் பொரிப்பார். கோவால்ஸ்கியிடம் சொன்னேன்.

யூட் அண்ணை ஒரு நொடி என்னைப் பார்த்தார். “இங்கிலாந்துப் பிரபு வீட்டிலை பொம்பே டோஸ்டோ?”

கோவால்ஸ்கிக்கு அது வேறு பெயரில் தெரிந்திருந்தது. ஜெர்மன்காரர் அதை ஏழை வீரர் என்பார்கள். தன் பாட்டனார் உயிரோடு இருந்தவரை ஞாயிறுதோறும் கேட்பார் என்று சொல்லிக்கொண்டே அவர் முட்டை உடைக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சீனி களஞ்சியத்துக்குள். சீனி இல்லாமல் அது வெறும் முட்டைப் பாண். அப்போதுதான் பேத்ரா, வாசல் கட்டடத்தில் திறக்கப் போகும் கோப்பிக் கடைக்கு ஏற்கெனவே சாமான் வந்து இறங்கியிருக்கிறது என்றாள். ஓடிப்போய் ஒரு பெட்டி நிறையக் கடதாசிப் பக்கெற் சீனி கொண்டுவந்தாள். ஒரு கரண்டி அளவு சீனி உள்ள சின்னப் பக்கெற்றுகள். வேலையில்லாமல் நின்ற எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று கிழித்தோம். பதினெட்டாம் நூற்றாண்டுத் தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு நின்ற அவர்களில் ஒருவர்கூட இது யாருடைய பிழை என்று கேட்கவில்லை. கிழித்த கடதாசியை என் ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டே இருந்தேன். இன்று காலையில் பார்த்தபோதும் இரண்டு மூன்று உள்ளே கிடந்தன.

பொரிக்க நேரம் வேண்டும். இனிப்புக்குப் பிறகு வைத்திருந்த வாழ்த்துரைகளை இப்போதே தொடங்கும்படி பண்ணை மேலாளராக நடித்தவருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் கண்ணாடியைத் தட்டி எழும்பி, குத்தகைக்காரருக்கு ஏதும் முறைப்பாடு உண்டா என்று எழுதி வைத்ததை வாசித்தார். யாரும் பதில் சொல்வார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அப்பா எழும்பினார். தன் கூரை ஒழுகுகிறது, மூன்று தரம் அறிவித்தும் ஒருவரும் வந்து பார்க்கவில்லை, குளிர்காலம் வருகிறது என்று நல்ல ஜெர்மனில் சொல்லத் தொடங்கினார். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் விசயமாக வீட்டுக்காரனிடம் அவர் பேசும் அதே தொனி. அவரைத் தொடர்ந்து பேத்ராவின் தகப்பன் தன் வேலியைப் பற்றி எழும்பினார். பிறகு மற்றவர்கள். சிரிப்புச் சத்தம் குசினி வரை கேட்டது. நான் முதல் தட்டத்தை அடுக்கி முடிக்கும் வரை அவர்கள் முடிக்கவில்லை. எனக்கு நேரம் தேடித் தந்தது தான்தான் என்று அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

இனிப்புக்கு முன் விரிப்பை உருவ வேண்டும். யூட் அண்ணையும் பேத்ராவும் மேசையின் கீழ்க்கோடியில் தொடங்கி, விரிப்பையும் அதன் கீழிருந்த தடித்த கம்பளித் துணியையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு தலைமாட்டுப் பக்கமாக வந்தார்கள். நான் தட்டத்தோடு வாசலில் நின்றேன். ரேடன் அம்மையாரின் முன்னால், பாண் கூடை இருந்த இடத்தில், விரிப்பு விலகியது. வெறும் மரத்தின் மேல் சிவப்பு நாடாவோடு திறப்புக் கிடந்தது.

பக்க மேசையில் அல்ல. யூட் அண்ணை அப்போது பெரிய மேசையின் தலைமாட்டில் நின்றிருக்கிறார். நான் அங்கேதான் வைத்திருக்கிறேன். வாசலுக்கு அவர் போன பின், பேத்ராவும் இன்னொருத்தியும் மறுகோடியிலிருந்து விரித்துக்கொண்டு வந்து அதன் மேல் மூடியிருக்கிறார்கள்.

மண்டபத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மிக்கேல் திருநாளில் வேலைக்காரி திறப்பை எசமானியிடம் ஒப்படைக்கும் காட்சி என்று நினைத்துவிட்டார்கள். அம்மையார் திறப்பை எடுத்தார். சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டினார்.

தட்டத்தைக் கோவால்ஸ்கியிடம் கொடுத்துவிட்டுப் போனேன். என் கை பாதி வழியில் நின்றதை அவர் கண்டிருப்பார். பிறகு வாங்கினேன். இரும்பு சூடாக இருந்தது, வாத்துத் தட்டம் பக்கத்தில் இருந்ததால் இருக்கலாம்.

பொம்பே டோஸ்ட் மிஞ்சவில்லை. இங்கிலாந்திலும் அக்காலத்தில் அதை ஏழை வீரர் என்றுதான் சொல்லி, அதைப் பெரிய வீடுகளிலும் செய்தார்கள் என்று லிண்ட்னர் பிறகு சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ தெரியாது. பார்க்க வேண்டும்.

விருந்தினர் எழும்பத் தொடங்கியதும் நான் அம்மையாரிடம் போகப் புறப்பட்டேன். யூட் அண்ணை குறுக்கே வந்தார். “இப்ப என்னத்துக்கு? அழகா முடிஞ்சுது. விடுமன்.”

அவர் சொன்னது எனக்காக. அதுவும் தெரியும். விட்டிருந்தால் வேலை கிடைக்கவும் கூடும். ஆனால் அந்தத் திறப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு தினமும் அந்த மேசையைக் கடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். ஏலாது. போய்த் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். காட்சி அல்ல, பிழை. அப்பிள் பைகள் இன்னும் பூட்டிக் கிடக்கின்றன. நான் முடிக்கும் முன் எனக்குப் பின்னால் ஒரு குரல், பாதிப் பிழை தன்னுடையது என்றது. கையை நீட்டியவன் தான், கேட்டு வாங்காதவனும் தான் என்றார் யூட் அண்ணை. இந்த வேலைக்கு என்னோடு போட்டியிடும் மனிதர்.

ஏன் கையில் கொடுக்கவில்லை என்று அம்மையார் கேட்டார். இந்த முறை பாதியில் நிறுத்தாமல் உப்பையும் கத்தரிக்கோலையும் பற்றி முழுதாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சிரிக்கவில்லை. நாளை வாருங்கள் என்றார், இருவருக்கும் பொதுவாக.

நேற்றைக்கு நாளையாக இருந்தது இன்று. பஸ்ஸுக்கு நேரமாகிறது.

ஒக்டோபர் 1, ஞாயிறு

பிழை: நேற்று அழுதேன், அதுவும் பேத்ராவின் தோளில். அவளுடைய மேற்சட்டை புதியது.

யூட் அண்ணையை முதலில் கூப்பிட்டார்கள். நான் அதற்கிடையில் மேசை விரிப்புகளைத் துவைக்கப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது அவருடைய இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.

“எனக்கு இல்லை” என்றார். “இஞ்சை கலியாணம் நடக்கிற நாளுகளிலை வந்து பரிமாறச் சொல்லியிருக்கிறா.”

அவருக்குக் கவலை இருந்தது. முகத்தில் மறைக்கவும் இல்லை. பிறகு கதவைத் திறந்து பிடித்தார், காலால் அல்ல, கையால்.

“போம். கையை நீட்டிக்கொண்டு போம்.”

அம்மையார் சாளரப் பக்கம் நின்றார். அதே ரப்பர் சப்பாத்து. சுற்றி வளைக்கவில்லை. பிழை எந்த வீட்டிலும் நடக்கும், நேற்று மேசையில் இருந்தபோது குசினியிலிருந்து ஒரு கத்தல்கூடத் தனக்குக் கேட்கவில்லை என்றார். தன் மாமியார் காலத்தில் ஒரு கோப்பை உடைந்தாலே மண்டபம் வரை கேட்குமாம். “முப்பது பேரும் வயிறு நிறைந்து போனார்கள். களஞ்சியம் பூட்டிக் கிடந்தது ஒருவருக்கும் தெரியாது. எனக்கும், நீங்கள் சொல்லும் வரை.” ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம். திங்களே தொடங்கலாம். என்னால் முடியுமா தெரியாது என்று வாய்வரை வந்தது. நன்றி என்று மட்டும் சொன்னேன். அவர் அந்தச் சிவப்பு நாடாவை எடுத்து நீட்டினார். இந்த முறை கை நடுவில் நிற்கவில்லை.

இன்று எசனில் தமிழ்ப் பூசை. முழந்தாளில் இருந்து யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தபோது ஆட்கள் நினைவில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். முட்டை உடைத்த கோவால்ஸ்கி. சீனிக்கு ஓடிய பேத்ரா, அவளுடைய மேற்சட்டை. வாய் திறக்காமல் நின்ற லிண்ட்னர், அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். ஒழுகாத கூரைக்காக எழும்பிப் பேசிய அப்பா. பின்வரிசையில் யூட் அண்ணை தன் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். தலையை மட்டும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனை எப்படித் தீர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை. கலியாண நாட்களில் அவருக்கு நல்ல ஆட்களைத் துணைக்குப் போட வேண்டும். அது என் கையில் இருக்கும்.

ரயிலில் திரும்பும்போது அம்மா பக்கத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் எல்லாவற்றையும் அவர் பார்த்தவர்தான், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நானே முழுக் கதையையும் சொன்னேன். திறப்பைக் கையில் கொடுக்காமல் கீழே வைத்தது அவர் பழக்கிய பழக்கத்தால்தான் என்றும், அதில் அவரைக் குற்றம் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “திறப்பைக் கீழை வையெண்டு நான் எப்ப சொன்னனான்?”

“உப்பு, கத்தரிக்கோல், திறப்பு...”

“உப்பும் கத்தரிக்கோலும் சொன்னனான். திறப்பு நீயாச் சேர்த்தது. சின்னனிலை இருந்தே உனக்கு உந்தப் பழக்கம், ஒண்டு சொன்னால் பயத்திலை மூண்டாக்குறது.” கொஞ்சத் தூரம் போனபின், “வேலைத் திறப்பைக் கையாலை தந்தா கையாலை வாங்கு பிள்ளை. நல்லாயிருப்பாய்” என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வுப்பர்டால் வரும் வரை விடவில்லை.

நான் இதுவரை யாரும் சொல்லாத விதிகள் வேறு எத்தனையைச் சுமந்துகொண்டு திரிகிறேன் என்று பார்க்க வேண்டும். ஆனால் இன்றைக்கு அல்ல.

நாளை: எட்டு மணிக்கு மாளிகை. பஸ்ஸில் சரியான நிறுத்தத்தில் இறங்குவது. களஞ்சியத்தைத் திறந்து, அப்பிள் பைகளில் நல்லவற்றைப் பிரித்துக் கோவால்ஸ்கிக்கும் பேத்ராவுக்கும் யூட் அண்ணை வீட்டுக்கும் அனுப்புவது. பிறகு திறப்பைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், இரண்டாவது ஒன்று வெட்டுவிப்பது.